நாலு அங்குலம்

நடுக்கம் இன்னும் வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வராது, நாற்பதில் அது ஒரு நாளும் வந்ததில்லை, அது தெரிந்தும் வத்சலா உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்திருந்தாள். பின் சீட்டுக்கு முன்னால், விரிப்பை உரித்து எடுத்துவிட்ட வெறும் தகரம். காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டி, தகரம் சுட்டது. இடுப்பை ஒருக்களித்து ஒரு பக்கமாகக் குனிந்திருந்தாள், கீழே விழுந்த காதணியைத் தேடப் போய் அப்படியே மாட்டிக்கொண்டவள் மாதிரி. முன் சீட்டிலிருந்து மெக்கானிக் மயில்சாமி திரும்பிப் பார்த்து, “கை அங்கயே இருக்கட்டுங்கம்மா. காலுக்குச் செருப்பு இருக்கு, சீட்டுக்குப் பஞ்சு இருக்கு. கைக்குத்தான் நேரா வரும்,” என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவர் தாமோதரன், “அவளுக்கு நீ சொல்லித் தரணுமா? சட்டினில உப்பு ஒரு கல்லு கூடினாலே கண்டுபிடிச்சுருவா,” என்று சிரித்தார். மயில்சாமி சிரிக்கவில்லை. வண்டி மலுமிச்சம்பட்டி தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கை இந்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு பாடு. முதலில் ஸ்டூல். குளியலறையில் கிடந்த வெளிர்நீல பிளாஸ்டிக் ஸ்டூல், இப்போது வண்டியோடவே அலைகிறது. தாமோதரன் அதைக் கதவுக்குக் கீழே போடுவார், காலால் மிதித்து ஆடுகிறதா என்று பார்ப்பார், “ம், ஏறு” என்பார். இடது கால் ஸ்டூலில். வலது முழங்காலுக்குள் யாரோ மணலை அரைப்பார்கள். மேலே இருக்கிற பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கும்போது சேலை எங்கேயாவது மாட்டும், பின்னால் யாராவது நின்றிருப்பார்கள். யாராவது எப்போதும் நின்றிருப்பார்கள். சூலூர் கல்யாண மண்டபத்து வாசலில் தாம்பூலப் பையோடு ஒரு கூட்டமே வழிவிட்டு நின்று பார்த்தது. “அம்மா, அந்தப் பாட்டி லாரில ஏறுது,” என்றது ஒரு குழந்தை. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள், பொத்தியதுதான் அதிகம் வலித்தது. அன்றைக்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்கிறாள். முழங்கால் என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

நாலு அங்குலம். ஸ்கேலில் பார்த்தால் ஒரு விரல் நீளம். நாலு அங்குலத்துக்கு ஒரு மனுஷியை வீட்டுக்குள் உட்கார வைக்க முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள். இதற்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது, அதை அவளும் ஓட்டினாள். இருபது வருடமாக லைசென்ஸ் இருக்கிறது, ஒரு கீறல் விழுந்ததில்லை, பின்னால் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பயம். தாமோதரன் இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டையர் ஆனதும் காரை விற்றுவிட்டு இந்த பிக்கப்பை வாங்கினார். வாங்கினபோது இருந்த உயரத்தில், பக்கத்தில் படி இருந்தது, அந்தப் படியில் கால் வைத்து அவளே ஏறினாள், அவளே ஓட்டினாள். பிறகுதான் அவருக்கு அந்தக் குழு. அறுபத்து நாலு வயதில் பச்சை பனியன், தொப்பி, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து கல்லிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றி இறக்கி, அதை வீடியோ எடுத்து, ஒருத்தருக்கொருத்தர் கட்டைவிரல் காட்டிக்கொள்கிற ஆண்பிள்ளைகள். அந்தக் குழுவில் எல்லார் வண்டியும் கட்டை வைத்து நாலு அங்குலம் தூக்கியிருந்தது. ஒரு நாள் வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது. “வெளிய வந்து பாரு வத்சு!” வந்து பார்த்தாள். பெரிய டயர்கள், அதற்கு மேலே வண்டி, அதற்கு மேலே வானம். அவள் கண் முதலில் தேடியது கால் வைக்க இடத்தை. இல்லை. “படி எங்கீங்க?” “கழட்டியாச்சு. கல்லுல இடிக்கும். அதோட படி வெச்சா ஸ்கூல் வேன் மாதிரி இருக்கு.” அவ்வளவுதான். ஸ்கூல் வேன் மாதிரி. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம். அவர் கேட்பதில்லை, அவ்வளவுதான். செய்துவிட்டு வந்து, சந்தோஷத்தோடு காட்டுவார். முப்பத்தாறு வருடமாகக் காட்டிக்கொண்டே இருக்கிறார். பார்க்கிற வேலைதான் அவளுக்கு. ஒன்று மட்டும் இருக்கிறது, பார்ப்பதற்கு முன்னாலேயே முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள அவள் பழகிவிட்டாள்.

“அம்பதுங்க,” என்றான் மயில்சாமி. ஐம்பதிலும் வராது. கை தகரத்தின் மேல் தானாக விரிந்தது. ஜன்னலில் தென்னை, தென்னை, ஒரு செங்கல் சூளை, மறுபடி தென்னை. இந்த ரோடு. ஒவ்வொரு தடவையும் இந்த ரோடுதான், ஒவ்வொரு தடவையும் கிணத்துக்கடவு வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாமல் நேரே போனால் பொள்ளாச்சி, அதையும் தாண்டினால் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்புக்குள் பங்கஜம். அக்கா. எழுபத்திரண்டு வயசு, மூன்று வருடமாக யாரையும் தெரிவதில்லை. வத்சலா வியாழக்கிழமைதோறும் போவாள். போய் அவள் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலை சீவி விடுவாள். வேறு ஒன்றும் செய்ய முடியாது. “நீங்க யாரு கண்ணு?” என்று பங்கஜம் கேட்பாள், பதிலைக் கேட்டுக்கொள்ள மாட்டாள், ஆனால் சீப்பு பட்டவுடனே தலை பின்னால் சாய்ந்து கொடுக்கும். அந்தச் சாய்வு. பெயர் மறந்த பிறகும் கழுத்துக்குத் தெரிகிற ஏதோ ஒன்று. அதற்காகத்தான் ஐம்பது கிலோமீட்டர். பதினோரு வாரமாகப் போகவில்லை. பதினோரு வாரம், எண்ணினால் அப்படித்தான் வருகிறது, எத்தனை தடவை எண்ணினாலும். பஸ்ஸுக்கும் படி உயரம்தான், அதிலும் பொள்ளாச்சியில் இறங்கி மினி பஸ்ஸுக்கு நின்று, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாதியில் திரும்பினாள். தாமோதரன் கூட்டிப் போகாமல் இல்லை. “ஞாயித்துக்கிழமை போலாம் வத்சு,” என்பார், ஞாயிற்றுக்கிழமை குழு. தூக்கின புதிதில் ஒரு தடவை போனார், அதுதான் கடைசி. பத்து நிமிஷம் வாசலில் நின்றார், பிறகு வண்டிக்குள் போய் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். பங்கஜம் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு வத்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், சீப்போடு சேர்த்து. சீப்பின் பல் அவள் விரலில் பதிந்திருந்தது. போன திங்கட்கிழமை பங்கஜத்தின் மருமகள் போன் பண்ணினாள். நல்ல பெண்தான், பாவம், அவளும் எத்தனையைத்தான் பார்ப்பாள். “சின்னத்தே, தல பூராச் சிக்கு. என்னைத் தொட விட மாட்டீங்கறாங்க, கத்தறாங்க. பேசாம ஒட்ட வெட்டிப்போடலாமுன்னு இவரு சொல்றாரு. அடுத்த வெள்ளிக்கிழமை ஆளு வரச் சொல்லியிருக்கு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.” ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இன்றைக்குச் சனி. வெள்ளிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை இருக்கிறது.

வண்டி கீழே வர வேண்டும். இதுதான் விஷயம். எத்தனை பக்கம் சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டால் வியாழக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு அவளே ஏறிப் போய்விடலாம், யாரும் ஸ்டூல் போட வேண்டாம். இறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லையா என்றால், கேட்டாள், இரண்டு தடவை. “தூக்கறதுக்கு எத்தன பாடுபட்டேன் தெரியுமா,” என்றார். அவள் கேட்டு இறங்காத வண்டி இப்போது ஒரு நடுக்கத்துக்காக இறங்கக்கூடும். அந்த நடுக்கம் தூக்கின மறு வாரமே வந்தது. அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அறுபத்தைந்தைத் தாண்டினால் பின் சீட்டின் அடியிலிருந்து ஒரு முனகல், உடம்பு சரியில்லாத ஆள் தூக்கத்தில் முனகுகிற மாதிரி, எழுபத்தைந்தில் அடங்கிவிடும். “ஏங்க, வண்டி நடுங்குது.” “ரோடு அப்படி.” “நல்ல ரோடுங்க.” “உனக்கு எல்லாமே நடுங்கும்.” பிறகு குழுவில் யாரோ ஒருத்தர் கூட வந்தபோது, “என்ன தாமு, அடியில ஆடுதே,” என்று சொன்னார். அதற்குப் பிறகு தாமோதரனுக்கும் நடுங்கியது. வீடியோ பார்த்தார். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கையில் கிரீஸோடு சொன்னதைக் கேட்டு, பின் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்து, ஆக்ஸிலின் மூக்கை மேலே தூக்கச் சொல்லி மயில்சாமியிடம் பிடிவாதம் பிடித்தார். “வேண்டாங்க சார், அது வேற வண்டிங்க. அவுனுக்கு ஒரே பக்கம் ரெட்ட மூட்டு, நமக்கு அப்படியில்லீங்க,” என்று மயில்சாமி சொன்னான். “சொன்னதச் செய்யப்பா.” செய்தான். முனகல் அலறலானது. அன்றைக்குத்தான் மயில்சாமி அவளுக்கு அதை விளக்கினான், சாரிடம் சொல்லிப் பயனில்லை என்றுதான் அவளிடம் சொன்னானோ என்னவோ. ஒரு பழைய குடைக் கம்பியையும் இரண்டு கை மணிக்கட்டையும் வைத்துக் காட்டினான். இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றிப் போகிற தண்டுக்கு ரெண்டு முனையிலும் மூட்டு. வண்டியைத் தூக்கினால் தண்டு சரிகிறது. சரிந்த மூட்டு ஒரே சீராகச் சுற்றாது. “ஒரு சுத்துல ரெண்டு தடவ ஓடும், ரெண்டு தடவ தயங்குங்க. முன் மூட்டு தயங்கற நேரத்துல பின் மூட்டு ஓடணும். ரெண்டும் ஒரே அளவு சாஞ்சிருந்தா ஒண்ணோட குத்தத்த ஒண்ணு சரிக்கட்டிக்கும், வெளிய தெரியாது. அளவு மாறிப்போச்சுன்னா நடுக்கந்தாங்க.” அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சோறு வடிக்கும்போது அது வந்தது. ஒரு சுற்றில் இரண்டு தடவை ஓடும், இரண்டு தடவை தயங்கும். ஒன்றின் குற்றத்தை ஒன்று சரிக்கட்டும், வெளியே தெரியாது. முப்பத்தாறு வருடம் வெளியே தெரியாமல்தானே ஓடியது. இரண்டு பேரில் யார் தயங்கினார்கள், யார் ஓடினார்கள். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று வடித்த கஞ்சியைக் கொட்டினாள். கொட்டியும் போகவில்லை.

“அறுபதுங்க. அப்படியே பிடிங்க சார்,” என்றான் மயில்சாமி. வரட்டும். வந்துவிடு. எங்கேயாவது ஒரு ஓரத்தில் இரு. நாலு நாள் இந்த மனுஷன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்திருக்கிறான், ஆப்பைத் திருப்பி வைத்து, நடுவில் தண்டைத் தாங்குகிற பேரிங்கை ஒரு அங்குலம் கீழே இறக்கி, கோணம் அளந்து அளந்து, கண்ணில் துரு விழுந்து சிவந்திருக்கிறது. அவனுடைய வேலை தோற்க வேண்டும் என்று பின்னால் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறாள். வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடே வேண்டிக்கொண்டாள். புறப்படும்போது பட்டறை வாசலில் அவன் சொன்னான், “இதுதாங்க சார் கடைசி. இதுக்கும் நிக்கலீன்னா மேல வெச்ச கட்டைய எடுத்துட்டு எறக்கிப்போடறதுதான் வழி. கம்பெனில வந்த ஒசரத்துக்கே போயிருவோம், படியையும் மாட்டிக்குவோம். தண்டு ஒடஞ்சா உசுருக்கு ஆபத்துங்க.” தாமோதரன் டயரைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு, பக்கத்துப் பட்டறைக்காரனும் நின்று கேட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, பெருந்தன்மையாக, “சரி, நம்ம வீட்டம்மா கை சொல்றதுதான் தீர்ப்பு,” என்றார். “நீயே சொல்லேன்ப்பா, உனக்குத் தெரியாதா?” என்று அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரன் கேட்டான். “செஞ்சவன் சொல்லக் கூடாதுங்கண்ணா. என் வேலை என் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும்,” என்றான் மயில்சாமி. அவன் எப்போதும் அப்படித்தான். முடித்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், வண்டிக்காரன் வாயிலிருந்து வர வேண்டும். ஆக, அவள் வாய். எத்தனையோ வருடத்துக்கப்புறம் அவள் வாயிலிருந்து வருவதற்காக இரண்டு ஆண்கள் காத்திருக்கிறார்கள், அதுவும் ஒரே ஒரு வார்த்தைக்கு. இருக்கு. இல்லை.

அறுபத்தைந்து. அவள் மூச்சைப் பிடித்தாள். தகரம் சுட்டது, டயர் ரோட்டை உரசுகிற சீரான இரைச்சல் கைக்குள் ஏறியது, அவ்வளவுதான். அறுபத்தெட்டு. விரல்களை விரித்தாள், குவித்தாள், உள்ளங்கையின் சதைப்பகுதியை அழுத்தினாள், மணிக்கட்டால் தேடினாள். எழுபது. இல்லை. ஒன்றும் இல்லை. ஓடுகிற தண்ணீரின் மேல் கை வைத்த மாதிரி இருந்தது. இத்தனை சுத்தமாக ஒரு வேலையைச் செய்வார்களா. கொஞ்சம் மிச்சம் வைக்கத் தெரியாதா இவனுக்கு. எழுபத்தைந்து, எண்பது. ஏதோ துடிக்கிற மாதிரி இருந்து, வந்துவிட்டது என்று ஒரு கணம் மனசு துள்ளி, பிறகு அது தன் விரல் நுனியில் ஓடுகிற சொந்த ரத்தம் என்று தெரிந்தது. “கிணத்துக்கடவுல திரும்பிக்கலாங்க,” என்றான் மயில்சாமி. வண்டி திரும்பியது. பொள்ளாச்சிப் பக்கம் முதுகுக்குப் பின்னால் போயிற்று, அதோடு மலையும், தோப்பும், சிக்குப் பிடித்த ஒரு தலையும். வரும்போதும் அதே. அறுபத்தைந்தில் இல்லை. எழுபதில் இல்லை. தாமோதரன் கண்ணாடியில் அவளைப் பார்ப்பது தெரிந்தது, அவள் குனிந்தே இருந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். உண்மை அதுதான். இல்லை என்றால் வண்டி இப்படியே நிற்கும், நாளைக்குக் குழுவில் அவர் சொல்வார், எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள். ஸ்டூல் நிற்கும். கல்யாணமான புதிதில், குழந்தை வருவதற்கு முன்னால், ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டு வருடம் இயற்பியல் லேபில் இருந்தாள். ஊசலை ஆட்டிவிட்டு எண்ண வேண்டும். எண்ணாமல், விடையை முதலில் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த அளவுகளை எழுதி வருகிற பெண்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். “நீ ஆட்டவே இல்லைடி,” என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே அடிப்பாள். அந்தப் பெண்கள் தலை குனிந்து நிற்பார்கள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயசு. எதற்காகவாவது ஒருத்தி பொய்க் கணக்கு எழுத வேண்டி வரும் என்பது அந்த வயதில் தெரியவில்லை. வேலையை விட்டதும் அவர் சொல்லித்தான். அதுவும் சொல்லவில்லை, ராஜினாமாக் கடிதத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்து காட்டினார், ஒரு பிழை இல்லாமல். இல்லை, இல்லை, அதை இப்போது எடுக்கக் கூடாது. இப்போது கை. கையில் என்ன. ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை என்பதுதான் கையில்.

“என்னங்கம்மா?” என்றான் மயில்சாமி. அவன் திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்திருந்தது. வெயிலில் கறுத்த அந்தக் கழுத்தின் மடிப்பில் கறுப்பு எண்ணெய் கோடாக இருந்தது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, “இருக்கு,” என்றாள். குரல் சாதாரணமாக வந்தது, அதுதான் ஆச்சரியம். “இருக்குதுங்களா?” “இருக்கு.” “எதுலீங்கம்மா?” “அறுபத்தஞ்சு தாண்டினதும். முன்னைக்குக் கொறஞ்சிருக்கு. ஆனா இருக்கு.” பொய்க்குக் கொஞ்சம் தேய்மானம் கொடுத்தாள், முழுப் பொய் அவனுக்கு அவமானமாகிவிடும் என்று. மயில்சாமி கியர் கம்பியின் மேல் தன் கையை வைத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். அவனுக்குத் தெரியும். அவன் கை கேட்காததை அவள் கை கேட்டிருக்க முடியாது. இப்போது சொல்லிவிடுவான், இல்லீங்கம்மா, நின்னுபோச்சுங்க என்று சொல்லிவிடுவான், சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சார், உங்களுக்குங்க?” என்று கேட்டான். அவள் தயாரானாள். பிரமை என்பார். ரோடு அப்படி என்பார். உனக்கு எல்லாமே நடுங்கும். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள், பதினோரு வாரமாக அடுக்கி வைத்த பதில்கள், பட்டறை வாசலில் அவரே சொன்ன வார்த்தை, எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. தாமோதரன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். மயில்சாமியைப் பார்த்தார். தன் வண்டியின் நடுக்கம் தனக்குத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்குத் தெரிந்ததா என்கிற ஒரு சின்ன முள் அந்த முகத்தில் ஏறி இறங்கியது. பிறகு நெற்றியைச் சுருக்கி, பாட்டுக் கச்சேரியில் சுருதி கேட்கிறவர் மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து, “ஆமாப்பா. இருக்கு,” என்றார். “அவ சொன்னதும் கவனிச்சேன். எனக்கும் தெரியுது. அறுபத்தஞ்சுல எடுக்குது. லேசாப் பெடல்ல வருது, பாதத்துல.” மயில்சாமி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “சரீங்க சார். அப்ப எறக்கிப்போடலாங்க,” என்றான். “எறக்கிரு. வேற என்ன பண்றது. எனக்கே தெரியும்போது.” “செவ்வாக்கிழமை முடிஞ்சிருங்க. படியும் மாட்டித் தந்தர்றேன்.” கடைசி வார்த்தையை அவன் சார் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை.

வந்துவிட்டது. வியாழக்கிழமை வந்துவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது, சண்டை இல்லாமல், சுலபமாக. சந்தோஷம் எங்கே என்று உள்ளே பார்த்தாள். எனக்கும் தெரியுது. இல்லாத ஒன்று. அவள் இப்போதுதான், அரை நிமிஷத்துக்கு முன்னால், தன் வாயால் உண்டாக்கிய ஒன்று. அது அவருக்குத் தெரிகிறது, பாதத்தில். எனக்கும் தெரியுது. இந்தக் குரல். இதே மூன்று பங்கு மூச்சும் ஒரு பங்கு சத்தமுமான குரல். திருப்பூரில் ஓட்டு வீடு, ஆனி மாசக் காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்த மத்தியானம், மகள் சுகன்யா வயிற்றில் ஆறாவது மாசம். படுத்திருந்தவள் எழுந்து, “ஏங்க, ஏங்க, ஒதைக்குது,” என்று கூப்பிட்டு, சாப்பிட்டுக் கழுவின ஈரக் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள். வைத்தவுடனே குழந்தை அடங்கிவிட்டது. அவளும் அவரும் அசையாமல் இருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, அவள் உடம்பு அது, அவளுக்குத் தெரியாதா, உள்ளே ஒரு அசைவும் இல்லை. அப்போது அவர் தலையைச் சாய்த்து, கண் கலங்கி, “தெரியுது வத்சு. எனக்கும் தெரியுது,” என்றார். அன்றைக்கு அவள் என்ன நினைத்தாள். எனக்கே தெரியாத அசைவு இந்தக் கைக்குத் தெரிகிறதே என்று நினைத்தாள். என்னைவிட எனக்குள்ளே கேட்கிற கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வருடம் ஓட்டியிருக்கிறாள். டைப் அடித்த கடிதம் வந்தபோது, கேட்காமல் வீட்டை விற்றபோது, அம்மா செத்த அன்றைக்கு அவர் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு தடவையும் அந்த மத்தியானத்துக்குப் போய், வயிற்றின் மேல் அந்த ஈரக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது, அவருக்குள்ளே அது இருக்கிறது, வெளியே தெரியவில்லை அவ்வளவுதான் என்று திரும்பி வந்திருக்கிறாள். அன்றைக்கு யாரும் எதையும் உணரவே இல்லை. அவள் சொன்னாள், அவர் ஆமாம் என்றார். அவள் முகம் வாடக் கூடாது என்றுகூட இருக்கலாம், அன்பாகக்கூட இருக்கலாம், பிள்ளைக்காரிக்கு ஆமாம் சொல்லாமல் யார் இருப்பார்கள். மெக்கானிக் முன்னால் ஆமாம் சொல்லாமல் யார் இருப்பார்கள். அந்தக் கண்ணீர். அந்தக் கண்ணீரை என்ன செய்வது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது. இந்தக் கேள்வி இனிமேல் சோறு வடிக்கும்போது வரும், அக்காவின் தலையைச் சீவும்போது வரும், ஒரு சுற்றில் இரண்டு தடவை வரும். அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே வேண்டாம். இல்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் கஷ்டம் ஸ்டூலோடு போயிருக்கும்.

முதுகு வலித்தது. நிமிர்ந்து சீட்டில் சாய்ந்தாள். மலுமிச்சம்பட்டியில் கூட்டம், வண்டி நாற்பதுக்கு வந்து, முப்பதுக்கு வந்து, ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். முப்பதில் இந்த வண்டியில் எந்த நாளும் எதுவும் இருந்ததில்லை. தூக்கின நாளிலிருந்து, ஆப்பைத் தப்பாக வைத்த நாளிலும்கூட, முப்பதில் இது தொட்டில் மாதிரி இருக்கும். அது மயில்சாமிக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் வந்து படுக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். கேட்காதே என்று தனக்குள் சொன்னாள். கேட்காமல் விட்டுவிடு, ஒரு தடவை தவறியிருக்கலாம், ஒரு தடவை என்பது ஒன்றுமில்லை, லேபில்கூட ஒரே அளவை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டார்கள்.

“ஏங்க,” என்றாள். “இப்பவும் வருதா?”

தாமோதரன் பேச்சை நிறுத்தச் சொல்கிற மாதிரி ஒரு விரலை உயர்த்தினார். உண்மையாகவே கவனித்தார். கண் பாதி மூடியது. மயில்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“லேசா,” என்றார். “ஆமா வத்சு, லேசா இருக்கு. உனக்கு?”

“எனக்கும்,” என்றாள். அவள் கை இரண்டும் மடியில் இருந்தன.